முப்பது நாளுக்குள் கண்ணைப் பார்த்தாக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 17 உலகக் குறைப்பிரசவ தினத்தையொட்டி ஆண்டுதோறும் குழந்தையின் எடை, தாய்ப்பால், கங்காரு பராமரிப்பு பற்றி நிறைய எழுதுகிறார்கள். தேவையான செய்திகள்தான். கண்ணைப் பற்றி மட்டும் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். பெங்களூரில் குறைமாதக் குழந்தைகளின் விழித்திரைப் பரிசோதனையிலும் லேசர் சிகிச்சையிலும் ஈடுபட்டிருக்கும் எங்களுக்கு அந்த ஒரு வரி போதவே போதாது என்று படுகிறது. அதிலும் இந்நகரத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தனியாகச் சொல்லப்பட வேண்டிய விஷயம். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ விவேக் நகரிலோ குடியிருப்பவருக்குப் பிரசவம் இங்கே நடக்கிறது. பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவான என்ஐசியூவில் சில வாரம் இருந்து டிஸ்சார்ஜ் ஆனதும் தாயும் பிள்ளையும் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர், சேலம் என்று தாய்வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கண் பரிசோதனைக்கான தேதி சரியாக அந்த நாட்களில்தான் வருகிறது. வந்ததே தெரியாமல் போயும் விடுகிறது.

நோயின் பெயர் ரெட்டினோபதி ஆஃப் ப்ரிமெச்சூரிட்டி. மருத்துவமனையில் எல்லோரும் ஆர்ஓபி என்றே சொல்வார்கள். கருவில் 16 வாரம் வாக்கில், பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்திலிருந்து ரத்தக் குழாய்கள் விழித்திரையில் படரத் தொடங்குகின்றன. மூக்குப் பக்க ஓரத்தை 36 வாரம் அளவிலும், காதுப் பக்க ஓரத்தை 40 வாரம் அளவிலும் எட்டுகின்றன. 28 வாரத்தில் பிறந்துவிட்ட குழந்தைக்கு இந்த வேலை பாதியில் நிற்கிறது. தண்ணீர் எட்டாத கடைமடை வயலைப்போல ஓர விழித்திரை ரத்தம் காணாமல் கிடக்கிறது. முதல் சில வாரங்களில் இதனால் ஒன்றும் ஆவதில்லை. கரு வயதும் சேர்த்து 32 வாரம் வாக்கில் விழித்திரை முதிர்ந்து அதன் ஆக்சிஜன் தேவை கூடும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ரத்தம் கிடைக்காத அந்த ஓரப் பகுதி விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிப் புரதத்தை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அதன் தூண்டுதலில் குழாய்கள் ஒழுங்காகப் படர்வதை விட்டுவிட்டுத் தாறுமாறாகக் கிளைத்து, கண்ணின் நடுவே இருக்கும் விட்ரியஸ் ஜெல்லுக்குள் எழும்புகின்றன. பிறகு அவை நாராகிச் சுருங்கி விழித்திரையையே இழுத்துப் பிரிக்கின்றன.

நோயை ஐந்து நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்று, இரண்டு என்பவை குழாய் உள்ள பகுதிக்கும் இல்லாத பகுதிக்கும் இடையே ஒரு கோடும், பிறகு ஒரு மேடும் தோன்றுவது. மூன்றில் புதுக் குழாய்கள் கிளம்புகின்றன. நான்கில் விழித்திரை பாதி பிரிந்திருக்கும், ஐந்தில் முழுவதும் பிரிந்திருக்கும். நோய் எங்கே நிற்கிறது என்பதற்கு ஒன்று, இரண்டு, மூன்று என மண்டலங்கள் உண்டு; நடுவில் உள்ள முதல் மண்டலம்தான் மிக ஆபத்தானது. இவற்றோடு 'பிளஸ்' என்ற ஒரு சொல்லையும் பெற்றோர் கேட்பார்கள். விழித்திரையின் நடுப்பகுதியில் உள்ள ரத்தக் குழாய்கள் வீங்கி, நெளிந்து, முறுக்கிக்கொண்டு தெரிவதற்குத்தான் அந்தப் பெயர். ரிப்போர்ட்டில் எந்த வார்த்தை புரியாவிட்டாலும் பரவாயில்லை, 'பிளஸ்' என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிளஸ் இருந்தால் அநேகமாக லேசர் தேவைப்படும், அதுவும் 48 முதல் 72 மணி நேரத்துக்குள்.

இந்த 72 மணி நேரக் கணக்கு 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றிலிருந்து நிலைபெற்றது. அதற்கு முன் நோய் இன்னும் முற்றும்வரை காத்திருந்துதான் சிகிச்சை கொடுத்தார்கள். முன்கூட்டியே லேசர் செய்த கண்களில் விழித்திரை மோசமான நிலைக்குப் போனது 9.1 சதவீதம், காத்திருந்து செய்த கண்களில் 15.6 சதவீதம். உரிய நேரத்தில் செய்தும் பதினொரு கண்ணில் ஒன்று தப்பவில்லை என்பதையும் இந்த எண்கள் சொல்கின்றன. லேசர் செய்தாலே கண் உறுதி என்று எந்த மருத்துவரும் வாக்குக் கொடுக்க மாட்டார். நாள் தள்ளத் தள்ள வாய்ப்பு குறைகிறது என்பது மட்டும் உறுதி.

யாருக்குப் பரிசோதனை வேண்டும்? அமெரிக்காவில் 1500 கிராமுக்குள், அல்லது 30 வாரத்துக்குள் பிறந்த குழந்தைகளைப் பார்க்கிறார்கள். இணையத்தில் அதைப் படித்துவிட்டு, "எங்க பிள்ளை 1800 கிராம், பயமில்லை" என்று இருந்துவிடக் கூடாது. நம் நாட்டில் அதைவிடப் பெரிய குழந்தைகளுக்கும் கடுமையான ஆர்ஓபி வருகிறது. அதனால்தான் இந்திய வழிகாட்டுதல் 2000 கிராமுக்குக் கீழே, அல்லது 34 வாரத்துக்கு முன்னே பிறந்த எல்லாக் குழந்தைகளையும் பார்க்கச் சொல்கிறது. 34 முதல் 36 வாரத்தில் பிறந்திருந்தாலும் வெண்டிலேட்டர், நீண்ட நாள் ஆக்சிஜன், ரத்தத்தில் கிருமி, ரத்தம் ஏற்றியது, எடை சரியாக ஏறாமை இவற்றில் ஏதேனும் இருந்தால் பார்த்தாக வேண்டும். முதல் பரிசோதனை பிறந்த 30 நாளுக்குள். 28 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, 1200 கிராமுக்குக் குறைவாக இருந்தாலோ இரண்டு, மூன்று வாரத்திலேயே.

இந்த 30 நாள் எப்படி வந்தது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் அவசரம் புரியும். 29 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 30 நாள் ஆகும்போது கரு வயதும் சேர்த்து 33 வாரத்தைத் தாண்டியிருக்கும். லேசர் தேவைப்படும் அளவுக்கு நோய் முற்றுவது பெரும்பாலும் 34 முதல் 38 வாரத்தில். அதாவது பிறந்து ஐந்தாவது வாரத்திலிருந்து ஒன்பதாவது வாரம் வரை. அந்தச் சமயத்தில் குழந்தை ஆக்சிஜனிலிருந்து விடுபட்டிருக்கும், பால் நன்றாகக் குடிக்கும், எடை ஏறும், வீட்டுக்கும் வந்திருக்கும். கண்ணைத் திறந்து விளக்கைப் பார்க்கும். வெளியே சிவப்பில்லை, நீர் வடியவில்லை, பீளை இல்லை. வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்கும் அந்த நாட்களில்தான் உள்ளே விழித்திரை இழுபடுகிறது. கருவிழியின் நடுவே வெள்ளையாகத் தெரிகிறது என்று கொண்டுவரும்போது அது ஐந்தாம் நிலை. அதன்பின் எவ்வளவு பெரிய அறுவை சிகிச்சை செய்தாலும் கிடைப்பது மிகச் சொற்பமான பார்வை, பல கண்களில் அதுவும் இல்லை.

இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. முதல் பரிசோதனையில் 'நோ ஆர்ஓபி' என்று எழுதித் தந்தால் வேலை முடிந்தது என்று குடும்பம் நினைத்துவிடுகிறது. குழாய்கள் இன்னும் ஓரத்தை எட்டவில்லை என்றால் அந்தக் குழந்தைக்கு நோய் இனிமேல்தான் வர வாய்ப்பு. ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ மறுபடி பார்க்க வேண்டும். குழாய்கள் ஓரம்வரை போய்ச் சேர்ந்துவிட்டன என்று மருத்துவர் எழுதும்வரை நிறுத்தக் கூடாது. பெரும்பாலும் அது 40 முதல் 45 வாரம் வரை இழுக்கும். 'இனி வர வேண்டாம்' என்ற வாசகம் காகிதத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக்சிஜன் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆர்ஓபி என்றதும் பெற்றோர் ஆக்சிஜன் கொடுத்த மருத்துவரைத்தான் முதலில் குறை சொல்கிறார்கள். 1940களிலும் 50களிலும் இன்குபேட்டரில் தாராளமாக ஆக்சிஜன் திறந்துவிட்டதால் மேலைநாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தார்கள். காரணம் தெரிந்ததும் கண்டபடி குறைத்தார்கள். பல குழந்தைகள் இறந்தன. ஆக்சிஜன் உயிர் காக்கும் மருந்து. மருந்தென்றால் அளவு உண்டு. ஆக்சிஜனில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்குச் செச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனின் சதவீத அளவு, 90 முதல் 95க்குள் நிற்க வேண்டும். பல்ஸ் ஆக்சிமீட்டரில் கீழ்வரம்புக்கு அலாரம் வைப்பவர்கள் மேல்வரம்புக்கு வைப்பதில்லை. பெரியவருக்கு 100 காட்டினால் நல்லது. ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும் 1200 கிராம் குழந்தைக்கு 100 காட்டினால் தேவைக்கு மேல் போகிறது என்று பொருள். பெரிய என்ஐசியூக்களில் காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து தரும் பிளெண்டர் இருக்கிறது. சிறு நர்சிங் ஹோமிலும், குழந்தையை வேறு மருத்துவமனைக்கு ஏற்றிப்போகும் ஆம்புலன்ஸிலும் சிலிண்டரிலிருந்து நேராகக் கலப்பில்லாத ஆக்சிஜன் போவதை இன்றும் பார்க்க முடிகிறது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று விடக் கூடாது. அதே நேரத்தில் ஒரு நாள்கூட ஆக்சிஜன் வாங்காத குழந்தைக்கும் ஆர்ஓபி வரும். ஆகவே, "ஆக்சிஜன் வைக்கவே இல்லை" என்பது பரிசோதனையைத் தவிர்க்கக் காரணமாகாது.

பரிசோதனை எப்படி நடக்கிறது என்று தெரியாததாலும் பலர் பயந்து தவிர்க்கிறார்கள். ஒரு மணி நேரம் முன்பு பால் கொடுப்பதை நிறுத்த வேண்டும். கண்ணுக்குள் ஒளி நுழையும் துளையான பாவையை விரிக்க டிராபிக்கமைடும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சொட்டு மருந்து விடுவார்கள். பெரியவர்களுக்கான கலவையில் ஃபினைலெஃப்ரின் 5 சதவீதம் இருக்கும். அதைச் செயற்கைக் கண்ணீர் மருந்தோடு பாதிக்குப் பாதி கலந்து 2.5 ஆக்கித்தான் குறைமாதக் குழந்தைக்கு விட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டு. கன்னத்தில் வழிவதை உடனே துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் மென்மையான தோல் வழியே மருந்து உறிஞ்சப்பட்டு ரத்த அழுத்தம் ஏறும், வயிறு உப்பும், பால் செரிக்காது. கண்ணைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் போல வெளிறிப் போகும். அது மருந்தால் தோலின் ரத்தக் குழாய் சுருங்குவது, கொஞ்ச நேரத்தில் சரியாகும். சொட்டு விட்டும் பாவை விரியவில்லை என்றால் மேலும் மேலும் விடக் கூடாது. விரியாத பாவை பல நேரங்களில் கடுமையான நோயின் அடையாளம். அனுபவமுள்ளவர் உடனே பார்க்க வேண்டிய கண் அது. மரத்துப்போகும் சொட்டு விட்டு, சிறு ஸ்பெகுலம் வைத்து இமையை விலக்கி, ஒரு கண்ணை இரண்டு மூன்று நிமிடத்தில் பார்த்துவிடலாம். குழந்தை அழும். நாக்கில் சில துளி தாய்ப்பாலோ சர்க்கரைக் கரைசலோ வைத்தால் வலி குறையும்.

லேசர் தேவை என்று முடிவானால், அது அறையின் மூலையில் ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியம் அல்ல. குழந்தை மருத்துவர் உடன் இருந்தாக வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் பால் நிறுத்தி, கையில் ஊசி வழி போட்டு, உடல் சூட்டைக் காக்கும் வார்மரின் கீழ் துணியில் சுற்றிப் படுக்க வைப்பார்கள். பாதத்தில் பல்ஸ் ஆக்சிமீட்டர். சில மையங்களில் மயக்க மருந்து கொடுத்துச் செய்கிறார்கள். நம் ஊரில் பல இடங்களில் மரத்துப்போகும் சொட்டோடு, தொடர்ந்து கண்காணித்தபடி செய்கிறார்கள். குழந்தையின் நுரையீரல் இருக்கும் நிலையைப் பொறுத்து இதைக் குழந்தை மருத்துவரும் கண் மருத்துவரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். லேசர் ஓடும்போது அறையில் உள்ள எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். பெற்றோரை வெளியே இருக்கச் சொல்வது இதனால்தான்.

மருத்துவர் தலையில் மாட்டிக்கொள்ளும் கருவியிலிருந்து லேசர் வருகிறது. இடக்கையில் 28 அல்லது 20 டயாப்டர் லென்ஸ். மற்றொரு கையில் சிறு கம்பிக் கருவியால் கண்ணின் வெள்ளைப் பகுதியை வெளியிலிருந்து மெல்ல அழுத்தி ஓர விழித்திரையைப் பார்வைக்குள் கொண்டுவருகிறார். 810 நானோமீட்டர் டயோடு லேசரில் 150 முதல் 200 மில்லிவாட், 150 முதல் 200 மில்லிசெகண்ட் என்று தொடங்கி, விழித்திரையில் சாம்பல் கலந்த வெள்ளைப் புள்ளி விழும்வரை சக்தியைச் சிறிது சிறிதாக ஏற்றுவது வழக்கம். சுண்ணாம்பு வெள்ளையாகப் புள்ளி விழுந்தால் சூடு அதிகம். அடியிலிருந்து ரத்தம் கசியக்கூடும். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே அரைப் புள்ளி அகலம்தான் இடைவெளி இருக்கலாம். மேட்டின் மேலே சுடக் கூடாது. மேட்டுக்கு முன்னே ரத்தம் இல்லாத பகுதி முழுவதையும், விழித்திரை முடியும் விளிம்புவரை, சுற்றிலும் நிரப்ப வேண்டும். ஒரு கண்ணுக்கு ஆயிரம், இரண்டாயிரம் புள்ளிகள் சாதாரணம். முதல் மண்டல நோயில் இன்னும் கூடும். ஒரு கண்ணுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகலாம். நோய் பெரும்பாலும் இரு கண்ணிலும் இருப்பதால் ஒரே அமர்வில் இரண்டையும் முடிக்கப் பார்ப்பார்கள்.

"விழித்திரையைச் சுட்டுவிட்டால் பார்வை போகாதா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. சுடப்படும் ஓரப் பகுதி திரும்ப வராது, பக்கப் பார்வையில் கொஞ்சம் குறையும். விஇஜிஎஃப் சுரப்பது அந்தப் பகுதிதான். அது அடங்கினால் தாறுமாறான குழாய்கள் வாடுகின்றன, முகம் பார்க்கவும் எழுத்து படிக்கவும் தேவையான நடுப்பகுதி காக்கப்படுகிறது.

தவறு எங்கெங்கே நேரும் என்பதைச் சொல்லாமல் விட்டால் எங்கள் கடிதம் முழுமையாகாது. கண்ணை அழுத்தும்போது இதயத் துடிப்பு திடீரென்று இறங்கலாம். அழுத்தத்தை எடுத்ததும் அநேகமாக மீளும். மூச்சு நின்றால் சிகிச்சையை அந்த இடத்திலேயே நிறுத்திக் குழந்தையைக் கவனிக்க வேண்டும். முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் தொடர்வது ஆபத்து. குளிர்சாதன அறையில் வார்மர் இல்லாமல் ஒரு மணி நேரம் வைத்தால் உடல் சில்லிட்டுப் போகும். கருவிழியை அடிக்கடி உப்பு நீரால் நனைக்காவிட்டால் மங்கும். மங்கியபின் மருத்துவருக்கு உள்ளே தெரியாது, தெரியாமல் சக்தியை ஏற்றினால் கருவிழியும் லென்ஸும் சூடாகும். லென்ஸின் முன்னே கருக்காலக் குழாய்கள் இன்னும் மறையாமல் இருக்கும் குழந்தைக்கு 532 நானோமீட்டர் பச்சை லேசர் வைத்தால் அவை வெப்பத்தை இழுத்துக்கொண்டு கண்புரை வர வாய்ப்புண்டு. டயோடில் அந்த அபாயம் குறைவு. 3 மணி, 9 மணி திசைகளில் நீள நரம்புகளும் குழாய்களும் ஓடுவதால் அங்கே கனமாகச் சுடக் கூடாது. எங்கள் அனுபவத்தில் லேசர் தோற்பதற்குப் பொதுவான காரணம் விட்டுப்போன இடங்கள். மேட்டை ஒட்டிய ஓரத்திலும், அழுத்தம் போதாத முன் விளிம்பிலும்தான் அவை கிடக்கும். முடித்ததும் ஒரு சுற்று முழுவதும் பார்த்து விட்டுப்போன இடத்தை நிரப்புவதற்கு எடுக்கும் பத்து நிமிடம் மிச்சம் பிடிக்கத் தகுந்ததல்ல.

அடுத்த 24 மணி நேரம் குழந்தை கண்காணிப்பில் இருக்க வேண்டும், ஏனென்றால் வீட்டில் நன்றாக இருந்த குழந்தைக்கும் அன்றிரவு மூச்சு நிற்கலாம். இமை வீக்கமும் சிவப்பும் இரண்டு மூன்று நாளில் வடியும். ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்த சொட்டை ஏறக்குறைய ஒரு வாரம் விடச் சொல்வார்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், மை எதையும் கண்ணில் விடக் கூடாது. ஒரு வாரத்தில் கட்டாயம் திரும்ப வர வேண்டும். அப்போது பிளஸ் குறையாமல் இருந்தால் விட்டுப்போன இடங்களைத் தேடி மறுபடி லேசர் வைக்க வேண்டியிருக்கும். இரண்டாவது முறை என்றதும் முதல் முறை தப்பாகச் செய்துவிட்டார்கள் என்று வேறு மருத்துவமனை தேடிப் போகிறவர்கள் உண்டு. அந்தத் தேடலில் கழியும் நாட்களில்தான் மூன்றாம் நிலை நான்காகிறது.

லேசருக்குப் பதில், விஇஜிஎஃபை அடக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகப் போடலாமே என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். முதல் மண்டலத்தில், வேகமாக முற்றும் வகையில், அல்லது லேசர் தாங்க முடியாத நிலையில் உள்ள குழந்தைக்கு அது நல்ல சிகிச்சை. பெவாசிஸுமேப் 0.625 மில்லிகிராம், ரானிபிஸுமேப் 0.2 மில்லிகிராம் என்பவை பெரிய ஆய்வுகளில் பயன்பட்ட அளவுகள். சில நிமிடத்தில் முடிந்துவிடும், பிளஸும் சில நாளில் அடங்கும். ஆனால் ஊசியின் வேலை தற்காலிகம். நோய் திரும்புவதானால் இரண்டு மாதம், நான்கு மாதம் கழித்தும் திரும்பும். 2011இல் வெளிவந்த ஆய்வில் லேசருக்குப்பின் நோய் திரும்பியது சராசரியாக 6 வாரத்தில், ஊசிக்குப்பின் 16 வாரத்தில். எனவே மாதக்கணக்கில் தவறாமல் வரக்கூடிய குடும்பத்துக்குத்தான் ஊசி பொருந்தும். ஊருக்குப் போய்விட்டால் தொடர்பே அற்றுப்போகும் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு, மருத்துவக் காரணம் இடம் தந்தால், லேசரே பாதுகாப்பு என்பது எங்கள் கருத்து. ஊசி போட்டுக்கொண்டு வராமல் போவதைவிட மோசமான தேர்வு இதில் இல்லை.

பள்ளிக்கூடம் போகும்வரை இந்தக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் வர வாய்ப்பு அதிகம். கண்ணாடி போட வேண்டிய பருவத்தில் போடாமல் விட்டால் லேசர் காப்பாற்றிய கண் பார்வை சரியாக வளராத சோம்பேறிக் கண்ணாகிவிடும்.

இனி வீட்டு விஷயம். குழந்தை பிறந்த ஒரு மாதம் வாசல் தாண்டக் கூடாது, பச்சை உடம்புக்குக் காற்றுப் படக் கூடாது, தீட்டு கழிந்த பிறகு பார்க்கலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அன்பினால்தான். குறைமாதக் குழந்தைக்குக் கிருமி தொற்றும் என்ற அவர்கள் அச்சத்திலும் உண்மை இருக்கிறது. ஆனால் கண்ணுக்கு அந்த ஒரு மாதம்தான் இருக்கிறது. குல்லா போட்டு, தாயின் மார்போடு சேர்த்துக் கட்டி, வழியில் பால் கொடுக்கும் நேரத்தையும் பரிசோதனைக்கு முந்தைய ஒரு மணி நேரத்தையும் கணக்கிட்டுக் கிளம்பினால் தருமபுரியிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவரலாம். வர முடியாதவர்கள் இங்கேதான் வர வேண்டும் என்பதும் இல்லை. வேலூர் சிஎம்சி, மதுரை, கோவை அரவிந்த் கண் மருத்துவமனைகள், சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா என்று விழித்திரைப் பிரிவுள்ள இடங்கள் தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. கிளம்பும் முன் அருகிலுள்ள மையத்துக்குத் தொலைபேசியில் கேட்டு, ஆர்ஓபி பார்ப்பவர் எந்தக் கிழமை இருப்பார் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். எல்லாக் கண் மருத்துவரும் இதைப் பார்ப்பதில்லை. லேசர் என்றால் அஷ்டமி, நவமி, அமாவாசை கழியட்டும் என்று சொல்ல வேண்டாம் என்று மட்டும் மன்றாடிக் கேட்கிறோம். 72 மணி நேரத்தில் மூன்று நாள்தான் இருக்கிறது.

பணத்தைப் பற்றிய கவலைக்கு ஒரு வழி உண்டு. 2013இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட நோய்களில் ஆர்ஓபியும் ஒன்று. மாவட்ட மருத்துவமனையில் உள்ள ஆரம்பநிலைத் தலையீட்டு மையத்தில் கேட்கலாம். கர்நாடகத்தில் இன்னொரு நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. பெங்களூர் நாராயண நேத்ராலயா 2008இல் தொடங்கிய கிட்ராப் திட்டத்தில், பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்கள் ரெட்கேம் என்ற கேமராவை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாவட்டங்களில் உள்ள என்ஐசியூக்களுக்கே போகிறார்கள். எடுத்த படங்களை இங்குள்ள மருத்துவர் இணையம் வழியே பார்த்து முடிவு சொல்கிறார். மாநில எல்லை தாண்டியதும் அந்தத் தொடர் அறுந்துபோகிறது என்பதுதான் எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களின் கஷ்டம்.

மருத்துவமனைகளுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. 1996இல் சென்னையில் 29 வாரத்தில் 1250 கிராம் எடையோடு ஓர் அரசு மருத்துவமனையில் பிறந்த பெண் குழந்தைக்கு ஆர்ஓபி பரிசோதனை பற்றிச் சொல்லப்படவே இல்லை, பார்வை போனது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு எழுதப்படும் டிஸ்சார்ஜ் சம்மரிகளில் ஆர்ஓபி என்ற சொல் தவறாமல் இடம்பெறுகிறது. எங்கே? நான்காம் பக்கத்தில், மருந்துப் பட்டியலுக்குக் கீழே, 'ஆர்ஓபி ஸ்க்ரீனிங் அட் ஃபோர் வீக்ஸ்' என்று ஆங்கிலத்தில். நான்கு வாரம் எதிலிருந்து? பிறந்ததிலிருந்தா, டிஸ்சார்ஜிலிருந்தா? படிப்பவர்கள் பெரும்பாலும் டிஸ்சார்ஜிலிருந்து எண்ணுகிறார்கள். ஆறாவது வாரத்தில் டிஸ்சார்ஜ் ஆன குழந்தைக்கு அப்படி எண்ணினால் பத்தாவது வாரம் ஆகிவிடும்.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு தேவையில்லை. முதல் பக்கத்தின் மேலே தமிழிலும் கன்னடத்திலும் நாள், மாதம், ஆண்டு, கிழமையோடு கண் பரிசோதனைத் தேதியை எழுதுங்கள். எந்த மருத்துவமனை, எத்தனை மணி என்றும் எழுதுங்கள். தந்தையின் கைபேசி எண்ணோடு பாட்டி வீட்டு எண்ணையும் வாங்கி வையுங்கள். ஊருக்குப் போனபின் தந்தை வேலையில் இருப்பார், போன் எடுக்க மாட்டார். ஏற்கெனவே ஒரு பரிசோதனை முடிந்திருந்தால் மண்டலம், நிலை, பிளஸ் உண்டா இல்லையா, அடுத்து எத்தனை நாளில் என்ற நான்கையும் தனித் தாளில் தந்து, முடிந்தால் விழித்திரைப் படத்தையும் வாட்ஸாப்பில் அனுப்புங்கள். அது கையில் இருந்தால் வேலூரில் பார்க்கும் மருத்துவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. குழந்தை 30 நாளுக்கு மேல் என்ஐசியூவிலேயே இருந்தால் கண் மருத்துவரை அங்கே வரவழைத்துப் பாருங்கள். கண்ணைப் பார்க்காமல் டிஸ்சார்ஜ் எழுத வேண்டாம்.

தங்கள் பெங்களூர் பதிப்பில் தடுப்பூசி அட்டவணை வெளியிடும் போதெல்லாம் அதன் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டுகிறோம்: 2000 கிராமுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்கு, பிறந்த நாளிலிருந்து எண்ணி 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை.

இப்படிக்கு,
குறைமாதக் குழந்தைகளின் கண் சிகிச்சைப் பணியில் உள்ள மருத்துவர்கள், செவிலியர்கள் சிலர்
பெங்களூரு